கமெண்ட்ல வர்ற லிங்க்குக்கு நாம ஜாமீன் கையெழுத்துப் போடலாமா?



போன ஜூலையில நம்ம மின்னிதழோட வெப்சைட் பொறுப்பு என் கைக்கு வந்தது. படிப்பு முடிச்சுட்டுப் போற அண்ணன் பாஸ்வேர்டைக் கொடுத்துட்டு, "பெருசா வேலை இருக்காதுடா, அப்பப்போ பார்த்துக்கோ"ன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டார். அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்து அட்மின் பேனலைத் திறந்தேன். அனுமதிக்காகக் காத்திருந்த கமெண்ட் மட்டும் நானூத்திச் சொச்சம்! நம்ம இதழுக்கு இவ்வளவு வாசகர்களான்னு ஒரு நிமிஷம் சந்தோஷத்துல மிதந்தேன்.

முதல் கமெண்ட்டைப் படிச்சதுமே தரைக்கு வந்துட்டேன். ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பத்தி நம்ம பையன் எழுதின நகைச்சுவைக் கட்டுரைக்கு ஒருத்தர் ஆங்கிலத்துல எழுதியிருந்தார்: மிகவும் பயனுள்ள தகவல், இந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொண்டேன், நன்றி. எழுதினவர் பேர் இருக்கவேண்டிய இடத்துல "மலிவு விலைக் கைக்கடிகாரம்"னு இருந்தது. அந்தப் பேரை க்ளிக் பண்ணினா ஒரு கடைக்குப் போகுது. அடுத்தது எடை குறைக்கும் மாத்திரை. அதுக்கடுத்தது சூதாட்ட சைட். விடிய விடிய உட்கார்ந்து சலிச்சதுல, மனுஷங்க எழுதின கமெண்ட் பதினொண்ணுதான் தேறிச்சு.

அந்தப் பதினொண்ணுல ஒண்ணு ஈ.சி.இ. ரெண்டாம் வருஷத் தங்கை ஒருத்தர் எழுதினது. சோலார் பேனல் பத்தி நாம போட்ட கட்டுரையில "வெயில் கொளுத்தக் கொளுத்த மின்சாரம் கூடும்"னு ஒரு வரி இருந்தது. அது தப்புன்னு அவர் அழகாத் திருத்தியிருந்தார். வெளிச்சம் கூடினா மின்சாரம் கூடும். ஆனா பேனல் சூடாகச் சூடாக அதோட வோல்டேஜ் இறங்கும். சிலிக்கான் பேனல்ல 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் அளவுக்கு உற்பத்தி குறையும். இதை விளக்கிட்டு, தான் தமிழ்ல எழுதுற எலெக்ட்ரானிக்ஸ் ப்ளாக்கோட லிங்க்கையும் கீழே கொடுத்திருந்தார்.

கொஞ்ச நாள் கழிச்சு ஆசிரியர் குழுக் கூட்டத்துல அதே தங்கை கேட்டார்: "அண்ணா, நம்ம சைட்ல கமெண்ட்ல போடற லிங்க்குக்கு கூகுள்ல எந்த மதிப்பும் சேராதாமே? அந்த செட்டிங்கை எடுத்துவிட்டா எங்களை மாதிரி எழுதறவங்களுக்கு உதவியா இருக்குமே?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியல. படிச்சுப் பார்த்தேன். படிச்சதை உங்ககிட்ட சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நீங்களும் ஒரு ப்ளாக் வெச்சிருந்தாலோ, டிபார்ட்மெண்ட் அசோசியேஷன் சைட்டைப் பார்த்துக்கிட்டாலோ, இந்தக் கேள்வி ஒருநாள் உங்ககிட்டயும் வரும்.

லிங்க் எப்படி ஓட்டு ஆச்சு?

1998-ல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி மாணவர்களா இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க. அதுல வந்ததுதான் பேஜ்ரேங்க். யோசனை ரொம்ப எளிமையானது. ஒரு ஆய்வுக் கட்டுரை எவ்வளவு முக்கியம்னு எப்படிக் கண்டுபிடிப்போம்? மத்த கட்டுரைகள் அதை எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்குன்னு பார்ப்போம். அதே மாதிரி, ஒரு வெப் பக்கத்துக்கு மத்த பக்கங்கள் எத்தனை லிங்க் கொடுத்திருக்குன்னு பார்த்தா, அந்தப் பக்கத்தோட மதிப்பு தெரிஞ்சுடும்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. எல்லா ஓட்டுக்கும் ஒரே எடை கிடையாது. மதிப்புள்ள பக்கம் கொடுக்கற லிங்க்குக்கு மதிப்பு அதிகம். அதோட, ஒரு பக்கம் எத்தனை பேருக்கு லிங்க் கொடுக்குதோ, அத்தனை பங்கா அதோட செல்வாக்கு பிரிஞ்சு போகும். நம்ம ஹெச்.ஓ.டி. வருஷத்துக்கு ரெண்டே பேருக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தா அதுக்கு இருக்கற மரியாதை வேற. கேட்டவங்களுக்கெல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தா அதுக்கு இருக்கற மரியாதை வேற. அதே கதைதான்.

லிங்க் எந்த வார்த்தை மேல இருக்குங்கறதையும் தேடுபொறி கவனிக்கும். 2003-ல நிறைய ப்ளாகர்கள் சேர்ந்து, "படுதோல்வி"ங்கற பொருள் தர்ற ரெண்டு ஆங்கில வார்த்தையை எழுதி, அது மேல அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷோட வெள்ளை மாளிகை வாழ்க்கைக் குறிப்புக்கு லிங்க் கொடுத்தாங்க. விளைவு, கூகுள்ல அந்த வார்த்தைகளைத் தேடினா முதல் முடிவா அவர் பக்கம் வந்தது. அந்தப் பக்கத்துல அந்த வார்த்தைகளே கிடையாது! இதுக்கு கூகுள் பாம்னு பேரு. 2007 ஜனவரியிலதான் கூகுள் தன் அல்காரிதத்தை மாத்தி இதைச் சரிபண்ணிச்சு.

இப்ப உங்களுக்குப் புரிஞ்சிருக்கும், நம்ம மெஸ் கட்டுரைக்குக் கமெண்ட் போட்டவருக்கு ஏன் "மலிவு விலைக் கைக்கடிகாரம்"னு பெத்தவங்க பேர் வெச்சாங்கன்னு. சாம்பார் அவருக்கு ஒரு பொருட்டே இல்ல. நம்ம பக்கத்துலேர்ந்து அந்த வார்த்தை மேல ஒரு லிங்க் கிடைச்சா போதும். அதுவும் காலேஜ் சைட்னா கூடுதல் ஆசை. டொமைன் பேருக்காக கூகுள் தனியா மார்க் போடுதுன்னு அர்த்தமில்ல. காலேஜ் சைட்டுக்குப் பல இடங்கள்லேர்ந்து லிங்க் வந்திருக்கும், அதனால அதோட ஓட்டுக்கு எடை அதிகம்.

2005-ல வந்த ஒரு சொல்

ஓட்டுக்கு மதிப்பு இருக்கற இடத்துல கள்ள ஓட்டும் வந்துடும் இல்லையா? ப்ளாக் பரவ ஆரம்பிச்ச காலத்துல யார் வேணும்னாலும் எந்தப் பக்கத்துலயும் கமெண்ட் எழுதலாம், லிங்க் வைக்கலாம். ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிவிட்டா, அது ராத்திரியோட ராத்திரியா ஆயிரக்கணக்கான ப்ளாக்ல போய் லிங்க் ஒட்டிட்டு வந்துடும். சுவர்ல போஸ்டர் ஒட்டறதுக்காவது பசை வாங்கணும். இதுக்கு அந்தச் செலவுகூட இல்ல.

2005 ஜனவரி 18 அன்று கூகுள் ஒரு தீர்வை அறிவித்தது. கூகுளைச் சேர்ந்த மேட் கட்ஸும், கூகுளுக்குச் சொந்தமான ப்ளாகர் சேவையில் இருந்த ஜேசன் ஷெல்லனும் முன்வைத்த யோசனை அது. ஹெச்.டி.எம்.எல்.-ல ஒரு லிங்க் எழுதும்போது அதுல "ரெல்"னு ஒரு பண்பைச் சேர்க்கலாம்னு முதல் வருஷ லேப்லயே படிச்சிருப்பீங்க. அதுல "நோஃபாலோ"ன்னு மதிப்புக் கொடுத்துட்டா, தரவரிசை போடும்போது அந்த லிங்க்கை ஓட்டா எண்ண மாட்டோம்னு கூகுள் சொன்னது. யாஹூவும் எம்.எஸ்.என். தேடலும் அதே மாதிரி ஒத்துக்கிட்டாங்க. அடுத்த மாசமே வெளிவந்த வேர்ட்பிரஸ் 1.5, கமெண்ட்ல வர்ற எல்லா லிங்க்குக்கும் தானாவே நோஃபாலோ போட ஆரம்பிச்சது. 2007 ஜனவரியில ஆங்கில விக்கிப்பீடியாவும் தன்னோட எல்லா வெளி லிங்க்குக்கும் நோஃபாலோ போட்டுடுச்சு.

ஒண்ணைக் கவனிங்க. "நோஃபாலோ"ங்கற பேரே கொஞ்சம் ஏமாத்தும். வாசகர் அந்த லிங்க்கை க்ளிக் பண்ணிப் போகலாம், எந்தத் தடையும் இல்ல. தேடுபொறிகிட்ட மட்டும் "இது நான் போட்ட ஓட்டு இல்ல"ன்னு சொல்ற ஒரு அடிக்குறிப்பு, அவ்வளவுதான். ஒரு லிங்க் மேல ரைட் க்ளிக் பண்ணி இன்ஸ்பெக்ட் கொடுத்துப் பாருங்க, அந்தக் குறிப்பு இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடும்.

"கொடுக்கணும்" கட்சி

நோஃபாலோ வந்ததுமே எல்லாரும் கைதட்டல. நிறைய ப்ளாகர்கள் எதிர்த்தாங்க. 2007 வாக்குல "நீ கமெண்ட் போடு, நான் மதிப்புக் கொடுக்கறேன்"ங்கற அர்த்தத்துல ஒரு பேட்ஜையே தங்களோட ப்ளாக்ல ஒட்டி வெச்சாங்க. கமெண்ட் லிங்க்லேர்ந்து நோஃபாலோவை எடுக்கறதுக்குன்னே ப்ளக்-இன்களும் வந்தது. அவங்க வாதத்தைச் சும்மா ஒதுக்கிட முடியாது.

முதல் வாதம், நியாயம். கட்டுரையை நான் எழுதறேன், சரி. ஆனா நல்ல கமெண்ட் வந்தாத்தான் அந்தப் பக்கம் முழுமையாகுது. சோலார் கட்டுரையையே எடுத்துக்கோங்க. அதுல உருப்படியான தகவல் கட்டுரையில இருந்ததைவிட கமெண்ட்லதான் இருந்தது. உழைப்பை வாங்கிக்கிட்டு, அதுக்கான மதிப்பை மட்டும் தர மாட்டேன்னா எப்படி?

ரெண்டாவது வாதம், பொறுப்பு யாருடையது? லிங்க்கை ஓட்டா எண்ணலாம்னு முடிவு பண்ணினது தேடுபொறி. அதனால வந்த கள்ள ஓட்டை வடிகட்டவேண்டியதும் அதுதானே? அதுக்காக நேர்மையா எழுதறவங்க எல்லார் மேலயும் சந்தேக முத்திரை குத்தறது என்ன நியாயம்?

மூணாவது வாதம்தான் பலமானது. நோஃபாலோ போட்டதால ஸ்பேம் நின்னுச்சா? நிக்கல. நம்ம சைட்ல எப்பவுமே நோஃபாலோதான் இருக்கு, இருந்தும் நானூறு வந்ததே! ஸ்கிரிப்ட் ஓட்டறவனுக்கு ஒரு கமெண்ட்டுக்கு ஆகற செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். எந்த சைட்ல நோஃபாலோ இருக்கு, எதுல இல்லன்னு பார்க்கறதுதான் அவனுக்குக் கூடுதல் வேலை. அதனால எல்லா இடத்துலயும் வீசிட்டுப் போயிடறான். ஓட்டு விழலன்னாலும் நாலு பேர் தெரியாம க்ளிக் பண்ணினா அவனுக்கு லாபம்தான். அதே 2005 அக்டோபர்ல வேர்ட்பிரஸ்காரங்க அகிஸ்மெட்னு தனியா ஒரு ஸ்பேம் வடிகட்டியைக் கொண்டுவர வேண்டியிருந்தது. நோஃபாலோ மட்டும் போதாதுன்னு அதுலேர்ந்தே தெரியுது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம்

அந்தப் பக்கத்து வாதத்தைக் கேட்டாச்சு. இந்தப் பக்கத்துல வழக்கமா ஒரு வாதம் சொல்வாங்க: "கமெண்ட் லிங்க்குக்கெல்லாம் மதிப்புக் கொடுத்தா நம்ம மதிப்புக் கரைஞ்சுடும்." நானும் முதல்ல இதைத்தான் நம்பினேன். 1998 சூத்திரத்தை வெச்சே சரிபார்ப்போம். இன்னைக்கு கூகுள் இதோட வேற எத்தனையோ அளவுகளைச் சேர்த்துப் பார்க்குது. ஆனா அடிப்படை புரியறதுக்கு இது போதும்.

ஒரு பக்கத்தோட மதிப்பு 1-ன்னு வெச்சுக்குவோம். அதுல 0.85 பங்கு லிங்க் வழியா வெளியே போகும். அந்த 0.85-தான் டேம்பிங் ஃபேக்டர். கட்டுரைக்குள்ள நாமளே கொடுத்த லிங்க் 5 இருக்குன்னா, ஒவ்வொண்ணுக்கும் 0.85-ஐ 5-ஆல வகுத்து 0.17 கிடைக்கும். இப்ப கீழே கமெண்ட்ல 45 லிங்க் வருது. எதுக்கும் நோஃபாலோ இல்ல. மொத்தம் 50. ஒவ்வொண்ணுக்கும் 0.017. நம்ம 5 லிங்க்குக்கும் சேர்த்து 0.085-தான் மிச்சம். பத்துல ஒரு பங்கு!

இந்த இடத்துல ஒண்ணு சொல்லிடறேன். லிங்க் கொடுக்கறதால பேங்க் பேலன்ஸ் மாதிரி அந்தப் பக்கத்தோட கணக்குலேர்ந்து நேரடியா எதுவும் டெபிட் ஆகாது. வெளியே போற 0.85 எப்படிப் பிரியுதுங்கறதுதான் மாறும்.

சரி, அந்த 45-க்கும் நோஃபாலோ போட்டா? ஆரம்ப காலத்துல அந்த 45-ஐக் கணக்குலயே சேர்க்காம, 5-க்கும் பழையபடி 0.17 கிடைச்சது. இதைப் பார்த்துட்டு சில கில்லாடிகள் தங்களோட சைட்டுக்குள்ளயே வேண்டாத லிங்க்குக்கெல்லாம் நோஃபாலோ போட்டு, மதிப்பை வேண்டிய பக்கத்துக்கு வாய்க்கால் வெட்டித் திருப்பி விட்டாங்க. 2009 ஜூன்ல மேட் கட்ஸ் ஒரு விஷயத்தைப் போட்டு உடைச்சார்: ஒரு வருஷத்துக்கும் மேல முன்னாடியே கூகுள் இதை மாத்திடுச்சு. இப்ப வகுக்கும்போது 50-ஆலதான் வகுக்கும். நோஃபாலோ உள்ள 45-க்குச் சேரவேண்டிய 0.765 யாருக்கும் போகாது, ஆவியாப் போயிடும். நம்ம 5-க்கும் அப்பவும் அதே 0.017 தான்.

அதாவது, நோஃபாலோ போட்டாலும் போடலன்னாலும் நம்ம லிங்க்குக்குக் கிடைக்கற பங்கு ஒண்ணுதான்! "நம்மளோடது கரைஞ்சுடும்"ங்கற பயத்துல நோஃபாலோ போடறதுல அர்த்தமே இல்ல. கஞ்சத்தனத்துக்கு இந்தக் கணக்குல பரிசு கிடையாது.

இது தெரிஞ்சதும் நான் அந்தத் தங்கை பக்கம் சாய்ஞ்சுட்டேன். நமக்கு நஷ்டமில்ல, அவங்களுக்கு லாபம். அப்ப கொடுத்துடலாமே?

என்னைத் தடுத்த ஒரு மெயில்

அந்த வாரத்துலயே இதழோட ஐ.டி.க்கு ஒரு மெயில் வந்தது. ஏதோ ஒரு ஏஜென்சி. நம்ம சைட்ல ஒரு பழைய கட்டுரையில ஒரே ஒரு லிங்க் சேர்க்கணும். மாசம் 3,000 ரூபாய் தருவாங்க. ஒரே நிபந்தனை, நோஃபாலோ இருக்கக்கூடாது.

சிம்போசியத்துக்கு ஸ்பான்சர் கிடைக்காம கடை கடையா ஏறி இறங்கின நேரம் அது. உண்மையைச் சொன்னா ஆசை வந்தது. அப்புறம் யோசிச்சேன். இவங்க எதுக்குக் காசு கொடுக்கறாங்க? நம்ம வாசகர்களுக்காக இல்ல, அவங்க க்ளிக் பண்ணுவாங்களாங்கற கேள்வியே அந்த மெயில்ல இல்ல. காசு நம்ம கையெழுத்துக்கு. "இந்த சைட் நல்ல சைட்"னு நம்ம காலேஜ் சொன்ன மாதிரி கூகுள்கிட்ட காட்டறதுக்கு.

"ஸ்பான்சர்டுன்னு குறி போட்டுத்தான் லிங்க் கொடுப்போம், சம்மதமா?"ன்னு பதில் அனுப்பினேன். அதுக்கப்புறம் அவங்ககிட்டேர்ந்து சத்தமே இல்ல.

இந்தச் சந்தை பெருசு. 2011 பிப்ரவரியில நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. ஜே.சி. பென்னிங்கற அமெரிக்கக் கடை, பண்டிகைக் காலத்துல ஆடைகள், படுக்கை விரிப்புன்னு எதைத் தேடினாலும் கூகுள்ல மேலேயே வந்துகிட்டு இருந்தது. காரணம், சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்கள்ல அந்தக் கடைக்கு லிங்க் வைக்கப்பட்டிருந்தது. இது தங்களுக்குத் தெரியாம நடந்ததுன்னு கடை சொன்னது. கூகுள் அதைத் தரவரிசையில கீழே இறக்கிவிட்டது. 2012 ஏப்ரல்ல வந்த பெங்குயின் அப்டேட்டும் இந்த மாதிரி லிங்க் தந்திரங்களைக் குறிவெச்சதுதான்.

அந்த மெயிலுக்கு அப்புறம்தான் எனக்குக் கேள்வியே தெளிவா தெரிஞ்சது. "நமக்கு நஷ்டமா லாபமா"ங்கறது இல்ல கேள்வி. "இந்த ஓட்டைப் போட்டது யாரு"ங்கறதுதான்.

கட்டுரைக்குள்ள நான் ஒரு லிங்க் கொடுத்தா, அதைப் படிச்சுப் பார்த்து, வாசகருக்குப் பயன்படும்னு நானே தேர்ந்தெடுத்தது. கமெண்ட்ல வர்ற லிங்க்கை வெச்சது அதை எழுதினவர். ஆனா ரெண்டும் ஒரே பக்கத்துல இருக்கறதால, தேடுபொறிக்கு ரெண்டுமே நம்ம காலேஜ் சொன்ன மாதிரிதான் தெரியும். நம்ம பாஷையில சொல்லணும்னா, இது ப்ராக்ஸி அட்டெண்டன்ஸ். வேற ஒருத்தர் பேர்ல "பிரசெண்ட் சார்" சொல்றது. சொல்றவன் நல்லவனாவே இருக்கலாம். ஆனா அந்த ரெஜிஸ்டர் பொய்யாயிடும். ரெஜிஸ்டர் பொய்யானா, தினமும் முதல் பீரியடுக்கே வர்றவனோட அட்டெண்டன்ஸுக்கும் மதிப்பு இல்லாமப் போயிடும்.

"ஸ்பேம் நிக்கலயே"ங்கற வாதத்துக்கும் இதுலயே பதில் இருக்கு. பூட்டு போட்டும் திருடன் வந்து கதவைத் தட்டறான்னா, தட்டறதை நிறுத்த வேற வழி பார்க்கணும். அதுக்காகப் பூட்டைக் கழட்டக் கூடாது. நோஃபாலோ, ஸ்பேமர் நம்ம வாசலுக்கு வர்றதைத் தடுக்காது. நம்ம பேரைச் சொல்லி அவன் தேடல் முடிவுல முன்னேறாம தடுக்கும். அந்தத் தேடல் முடிவைத்தான் நாளைக்கு நம்ம வீட்ல யாரோ ஒருத்தர் மாத்திரை பேர் போட்டுத் தேடப்போறாங்க.

"பொறுப்பு தேடுபொறியோடது"ங்கற வாதத்துல பாதி உண்மை. ஆனா எது நான் சொன்னது, எது வந்தவர் சொன்னதுன்னு எனக்குத்தான் உறுதியாத் தெரியும். தெரிஞ்சதை எழுதி வைக்கறது எனக்கு ஒரு சிரமமே இல்ல.

2019-ல ஒரு நல்ல மாற்றம்

"எல்லார் மேலயும் ஒரே சந்தேக முத்திரையா?"ங்கற குறைக்கு ஒரு அளவுக்குப் பதில் வந்தாச்சு. 2019 செப்டம்பர் 10 அன்று கூகுள் ரெண்டு புதுக் குறிகளை அறிவித்தது. காசு வாங்கிக் கொடுக்கற லிங்க்குக்கு "ஸ்பான்சர்டு". கமெண்ட் மாதிரி வாசகர்கள் எழுதற பகுதியில வர்ற லிங்க்குக்கு "யு.ஜி.சி.". (நமக்கு அங்கீகாரம் கொடுக்கற யு.ஜி.சி. இல்லைங்க, பயனர்கள் உருவாக்கின உள்ளடக்கம்னு அர்த்தம்!) அதோட, இந்தக் குறிகளை இனிமே கட்டளையா இல்லாம ஒரு குறிப்பா மட்டும் எடுத்துக்குவோம்னும் கூகுள் சொன்னது. அதாவது, நல்ல லிங்க்னு அதுக்குத் தோணினா கணக்குல எடுத்துக்கலாம். அதே வருஷம் நவம்பர்ல வந்த வேர்ட்பிரஸ் 5.3-லேர்ந்து கமெண்ட் லிங்க்குக்கு "நோஃபாலோ, யு.ஜி.சி." ரெண்டுமே தானா விழுது.

எனக்கு இந்த மாற்றம் பிடிச்சிருக்கு. "இது கெட்ட லிங்க்"னு யாரையும் சொல்லல. "இது வாசகர் கொடுத்தது"ன்னு உள்ளதை உள்ளபடி சொல்றோம். அதுல யாருக்கும் அவமானம் இல்ல.

அப்ப நல்லா எழுதறவங்களுக்கு என்னதான் வழி?

இங்கதான் நிறைய பேர் நின்னுடறாங்க. நோஃபாலோவைப் போட்டுட்டு, கடமை முடிஞ்சதுன்னு போயிடறாங்க. என் கருத்து, முடியல. உழைப்புக்கு மதிப்புக் கொடுக்கணும்ங்கற முதல் வாதம் அப்படியேதான் நிக்குது. அதுக்கு செட்டிங்கை மாத்தறதைவிட நல்ல வழி ஒண்ணு இருக்கு: நல்ல கமெண்ட்டைக் கீழேயே விட்டுடாம, மேலே கட்டுரைக்குள்ள கொண்டுவாங்க.

நாங்க செஞ்சதைச் சொல்றேன். அந்தத் தங்கையோட ப்ளாக்கை முழுசாப் படிச்சோம். சோலார் கட்டுரையில தப்பான வரியைத் திருத்தி, "இந்தப் பிழையைச் சுட்டிக்காட்டியவர் எங்கள் வாசகி, சூடு கூடினால் பேனலுக்கு என்ன ஆகும் என்பதை அவர் விரிவாக எழுதியிருக்கிறார்"னு ஒரு குறிப்புச் சேர்த்து, அதுல லிங்க் கொடுத்தோம். நோஃபாலோ இல்ல. ஏன்னா அது நாங்களே படிச்சு, நாங்களே போட்ட ஓட்டு. 45 லிங்க்ல ஒண்ணா, கமெண்ட் குவியலுக்குள்ள கிடக்கறதைவிட, பொருத்தமான பத்தியில, பொருத்தமான வார்த்தை மேல இருக்கற அந்த ஒரு லிங்க் வாசகருக்கும் உபயோகம், அவருக்கும் மரியாதை.

நீங்க ஒரு சைட்டைப் பார்த்துக்கறீங்கன்னா, வேர்ட்பிரஸ்லயே இருக்கற சில செட்டிங் கை கொடுக்கும். ஏற்கெனவே ஒரு கமெண்ட்டாவது அனுமதிக்கப்பட்டவங்க எழுதினா மட்டும் நேரா வெளியாகற மாதிரி வைக்கலாம். ஒரு கமெண்ட்ல ரெண்டு லிங்க் இருந்தா நிறுத்தி வைக்கச் சொல்லலாம். பழைய கட்டுரைகளுக்குக் குறிப்பிட்ட நாளுக்கு அப்புறம் கமெண்ட்டை மூடிடலாம், ஏன்னா யாரும் கவனிக்காத பழைய பக்கங்கள்லதான் ஸ்பேம் வந்து அப்பும். வாரத்துக்கு ஒரு தடவை யாராவது உட்கார்ந்து வந்ததைப் படிக்கணும். இது எந்த ப்ளக்-இன்னும் செய்யாத வேலை.

நீங்க எழுதறவங்கன்னா, ஒரு வார்த்தை. கமெண்ட் லிங்க்கை நம்பி இருக்காதீங்க. கூகுள் சர்ச் கன்சோல்ல உங்க ப்ளாக்கைச் சேர்த்து, சைட்மேப் கொடுத்துட்டா, யார் லிங்க்கும் இல்லாமலே உங்க பக்கங்களைத் தேடுபொறிக்குக் காட்டிடலாம். காசு கிடையாது, பத்து நிமிஷ வேலை. கமெண்ட்ல உங்க சொந்தப் பேரைப் போடுங்க. விஷயத்தைச் சொல்லுங்க. படிச்சவங்க தேடிக்கிட்டு வருவாங்க. நான் அப்படித்தான் அந்த எலெக்ட்ரானிக்ஸ் ப்ளாக்குக்குப் போனேன், நோஃபாலோ லிங்க் வழியாத்தான்!

கடைசியா

கூட்டத்துல என்ன ஆச்சுன்னு கேட்கறீங்களா? "செட்டிங்கை எடுக்கல, ஆனா உன் லிங்க் கட்டுரைக்குள்ளயே இருக்கு"ன்னு சொன்னேன். தங்கை கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்ப நீங்க படிக்காத கமெண்ட்டுக்கு?"ன்னு கேட்டார். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. நியாயமான கேள்விதான். நான் சொல்ற வழி, படிக்கற ஆள் இருந்தாத்தான் வேலை செய்யும். படிக்க ஆள் இல்லாத சைட்ல நோஃபாலோ வெறும் பூட்டு மட்டும்தான்.

அதனால அன்னைக்கே ஒரு முடிவு எடுத்தோம். ஞாயித்துக்கிழமைதோறும் முறை வெச்சு ஒருத்தர் எல்லாக் கமெண்ட்டையும் படிக்கணும். முதல் வாரம் பேர் கொடுத்தது அந்தத் தங்கைதான்.

வர்ற மே மாசம் நான் கிளம்பிடுவேன். பாஸ்வேர்டு அடுத்தவர் கைக்குப் போகும். என் சீனியர் சொன்ன மாதிரி "பெருசா வேலை இருக்காது"ன்னு மட்டும் நான் சொல்லப்போறதில்ல.

இந்தக் கட்டுரைக்குக் கீழேயும் கமெண்ட் பெட்டி திறந்துதான் இருக்கு. தப்பு இருந்தா சொல்லுங்க, மாற்றுக் கருத்து இருந்தா சண்டை போடுங்க, நீங்க எழுதினது இருந்தா லிங்க்கும் கொடுங்க. அதுக்கு நோஃபாலோ விழும். ஆனா ஞாயித்துக்கிழமை யாராவது ஒருத்தர் அதைக் கட்டாயம் படிப்பாங்க.